நினைவு தளர்ந்தோருக்கு ஒரு தோட்டம்

(உழவர் விவாதக் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

உழவியல் துறையைச் சேர்ந்த நான் விதையளவு, உர அளவு, களைக் கட்டுப்பாடு ஆகியவற்றைப் பற்றியே வழக்கமாக உங்களிடம் பேசி வந்துள்ளேன். இன்று நான் சொல்லப்போகும் தோட்டத்திலிருந்து சந்தைக்கு ஒரு கூடை விளைபொருளும் போகாது. வரவு செலவுக் கணக்கு எழுதினால் செலவுப் பக்கம் மட்டுமே நிறையும். ஆயினும் நம் ஊர்களில் பல வீடுகளுக்கு இது தேவைப்படுகிறது. வெளியே சொல்லத் தயங்குகிறோம், அவ்வளவே.

"எங்க அப்பாரு முன்ன மாதிரி இல்லீங்க, ஞாபகம் தப்பிப் போச்சு" என்று சொல்லி, வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். மண்வெட்டியை வைத்த இடம் மறந்துபோவது வயதினால் வருவது. மண்வெட்டி எதற்கு என்பதே மறந்துபோவது நோயினால் வருவது. இதனை மருத்துவர்கள் டிமென்ஷியா என்பர். நாம் மறதி நோய் என்று சொல்லலாம். இதில் பல வகைகள் உண்டு. 1906ஆம் ஆண்டில் அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்த வகையே அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது. 2023ஆம் ஆண்டில் வெளியான ஓர் அகில இந்திய ஆய்வு, 60 வயதைத் தாண்டியோருள் நூற்றுக்கு 7 பேருக்கு மேல், அதாவது சுமார் 88 இலட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டுள்ளது. நகரங்களைவிடக் கிராமங்களிலும், ஆண்களைவிடப் பெண்களிடமும் இது கூடுதலாக உள்ளது என்பதும் அந்த ஆய்வின் முடிவு. பட்டணத்தார் நோய் என்று நினைத்திருந்த நான் அதைப் படித்த பிறகே என் எண்ணத்தை மாற்றிக்கொண்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டம் மருந்து அன்று. மறதி தென்பட்டவுடன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்பிக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் இதே போன்ற மறதி வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. சோதித்துப் பார்க்காமல் வீட்டில் உட்கார வைப்பது பெரிய தவறு.

இந்தத் தோட்டத்தைப் பற்றி நான் எண்ணத் தொடங்கியது என் பெரியப்பாவினால். சிறு வயதில் கவலை ஓட்டியவர். பிறகு ஐந்து குதிரைத்திறன் மோட்டார் வைத்து நாற்பது ஆண்டுகள் பாசனம் செய்தவர். எழுபத்தாறு வயதில் நினைவு தடுமாறத் தொடங்கியது. பகலில் அமைதியாக இருப்பார். பொழுது சாய்ந்தால் படபடப்பு வந்துவிடும். நடு இரவில் எழுந்து, "தண்ணி பாயுது, மடை மாத்தோணும்" என்று கதவைத் தட்டுவார். அந்த நிலம் விற்று வீட்டு மனையாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன என்று எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை. ஒரு நாள் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. விடியற்காலையில் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கிணற்றுக்குச் சுற்றுச் சுவர் கிடையாது.

அதன் பிறகு கதவுக்குப் பூட்டுப் போட்டோம். பூட்டியது முதல் அவருடைய படபடப்பு இரு மடங்காயிற்று. அறுபது ஆண்டுகள் வெளியில் நடந்த கால்களைப் பத்துக்குப் பத்து அறையில் அடைத்தால் வேறென்ன ஆகும்?

மேல்நாடுகளில் இத்தகையோருக்கென மணம், நிறம், தொடு உணர்ச்சி, ஓசை இவற்றை மனத்தில் கொண்டு தனித் தோட்டங்கள் அமைக்கிறார்கள். நெதர்லாந்தில் உழவர்களே தங்கள் பண்ணைகளில் பகல் நேரத்தில் மறதி நோயாளிகளை வரவேற்று, கோழிக்குத் தீவனம் வைப்பது, காய்கறி பறிப்பது போன்ற வேலைகளில் சேர்த்துக்கொள்கிறார்கள். பராமரிப்புப் பண்ணை என்று அதற்குப் பெயர். இந்த இரண்டாவது ஏற்பாடே எனக்கு மிகவும் பிடித்தது. காரணத்தைச் சொல்கிறேன்.

நேற்று நடந்ததைச் சேமித்து வைக்கும் மூளைப் பகுதியே இந்நோயில் பெரும்பாலும் முதலில் பழுதுபடுகிறது. நாற்று முடியைப் பிரிப்பது, களை பிடுங்குவது, பூக்கட்டுவது போன்ற கைப்பழக்கங்கள் மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்தவை. அவை நெடுநாள் நிற்கின்றன. பேரன் பெயரை மறந்த பாட்டி மல்லிகைச் சரத்தைப் பிசகாமல் தொடுப்பதை நீங்களே பார்த்திருக்கலாம். ஆகவே நம் ஊர்த் தோட்டத்தை, பார்த்துவிட்டுப் போகும் பூங்காவாக அமைப்பதில் பயன் குறைவு. அவர்கள் கைக்குப் பழகிய வேலை அங்கே இருக்க வேண்டும்.

இடமும் பாதையும்

எங்கள் ஊரில் பெரியப்பாவைப் போலவே மேலும் மூன்று பேர் இருந்தனர். கிராம சபையில் பேசி, ஊராட்சியின் பொறுப்பிலிருந்த 10 சென்ட் நிலத்தைப் பெற்றோம். உங்கள் ஊரில் 5 சென்ட் கிடைத்தாலும் போதும். பள்ளிக்கூடம், கோயில், துணைச் சுகாதார நிலையம் போன்ற நடமாட்டமுள்ள இடத்தின் அருகே இருப்பது நல்லது. ஆனால் பேருந்துச் சாலை ஓரமாக வேண்டாம். ஒலிப்பான் சத்தம் அவர்களைக் கலக்கிவிடும். திறந்த கிணறு, தரைத்தொட்டி, பண்ணைக்குட்டை அருகில் இருக்கவே கூடாது. மேல்நிலைத் தொட்டியின் குழாய் இணைப்பே உகந்தது.

பாதை வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருந்து, புறப்பட்ட இடத்திற்கே திரும்ப வேண்டும். முட்டுச் சந்து போல் ஓரிடத்தில் முடிந்தால் அவர்கள் அங்கேயே நின்று தவிப்பார்கள். இருவர் கைகோத்து நடக்க 5 அடி அகலம் தேவை. செம்மண் கிராவல் கொட்டி, நீர் தெளித்து, நன்றாகத் திமிசு போட்டு இறுக்கவும். பாதை முழுவதும் ஒரே நிறமாக இருப்பது மிக முக்கியம். நடுவே கறுப்புக் கல்லோ, தார்ப்பட்டையோ வந்தால் அது அவர்கள் கண்ணுக்குப் பள்ளமாகத் தோன்றும். காலை வைக்க மாட்டார்கள். வழவழப்பான ஓடு பளபளத்தால் தண்ணீர் என்று தயங்குவார்கள். முப்பது அடிக்கு ஒரு திண்ணை, ஒன்றரை அடி உயரத்தில், சாய்மானமும் கைப்பிடியும் வைத்துக் கட்டுங்கள். கைப்பிடி இல்லாவிட்டால் உட்கார்ந்தவர் எழ முடியாது.

நிழலுக்கு, இருக்கும் வேப்ப மரத்தை அப்படியே விட்டுவிடுங்கள். புதிதாக நட்டால் மகிழம் நல்லது. மெதுவாக வளரும், ஆனால் உதிர்ந்த பூவைப் பொறுக்குவதே ஒரு வேலை. 3 அடி நீள, அகல, ஆழமுள்ள குழியில் தொழு உரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி நடவும். நாவல் மரத்தைப் பாதையோரம் நடாதீர்கள். பழம் விழுந்தால் வழுக்கும். தென்னையும் வேண்டாம்.

வேலி தேவை, அது வேலி என்று கண்ணில் படக்கூடாது. கம்பிவலை தெரிந்தால் அதைப் பிடித்து உலுக்கிக்கொண்டே நிற்பார்கள். வலைக்கு உட்புறம் நொச்சிக் குச்சிகளை 2 அடிக்கு ஒன்றாக மழைக்காலத்தில் ஊன்றுங்கள். ஆடு கடிக்காது, இலையைக் கசக்கினால் மணம் வீசும். அதற்கும் உள்ளே செம்பருத்தி, மருதாணி. மருதாணியை ஆண்டுதோறும் வெட்டிவிட வேண்டும். முற்றிய கிளைகளின் நுனி முள்ளாகிவிடும். வாயில் ஒன்றே ஒன்று. உள்பக்கம் அதற்கும் வேலியின் பச்சை நிறத்தையே பூசுங்கள்.

நான் செய்த பிழை

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் ஆண்டில் வேலியோரம் நாற்பது அரளிச் செடிகளை நட்டேன். ஆடு தொடாது, வறட்சி தாங்கும், ஆண்டு முழுவதும் பூக்கும் என்பது உழவியல் படித்தவனின் கணக்கு. ஒரு மாலை, பெரியப்பா அரளி மொட்டு ஒன்றைப் பறித்து உதட்டருகே கொண்டுபோனதைப் பெரியம்மா பார்த்து, தட்டிவிட்டார். அரளியின் வேர் முதல் பூ வரை நச்சு என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் இந்நோய் முற்றியவர்கள் குழந்தையைப் போல் எதையும் வாயில் வைப்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. மறுநாள் நாற்பதையும் பிடுங்கி எரிக்காமல் புதைத்தோம்; அரளிப் புகையும் தீங்கு செய்யும்.

ஆகையால் எதை நடக்கூடாது என்பதில் சிறிதும் தளர்வு கூடாது. அரளி, பொன்னரளி, ஊமத்தை, ஆமணக்கு, காட்டாமணக்கு, குன்றிமணி, எருக்கு, கள்ளி ஆகிய எதுவும் வேலிக்குள் இருக்கக்கூடாது. தாமாக முளைத்தாலும் வாரம் ஒரு முறை பார்த்துப் பிடுங்கிவிட வேண்டும். செங்காந்தள் நம் மாநில மலர். மூலனூர், தாராபுரம் பக்கத்தில் விதைக்காகச் சாகுபடியும் செய்கிறோம். அதன் கிழங்கு உயிரைக் குடிக்கும். அழகுக்காகக் கூட ஒரு கொடி வேண்டாம். மிளகாயையும் தவிருங்கள்; பழத்தைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்த்துவிடுவார்கள். ரோஜாவைக் கை எட்டாத பின்வரிசையில் வைக்கலாம். முதியோரின் தோல் மெலிந்தது. சிறு முள் பட்டாலும் கிழிந்துவிடும்.

பூச்சிமருந்து அறவே கூடாது. தேவைப்பட்டால் 5 சத வேப்பங்கொட்டைச் சாறு, அதாவது லிட்டருக்கு 50 கிராம் பருப்பு என்ற அளவில், அனைவரும் வீடு திரும்பிய பிறகு தெளிக்கலாம். மற்றொன்றும் உண்டு. கடையில் வாங்கும் விதைகளில் பூஞ்சாணக் கொல்லி கலந்து நிறம் ஏற்றியிருப்பார்கள். அந்த விதையை இவர்கள் கையில் கொடுக்கவே கூடாது. வீட்டில் எடுத்து வைத்த நேர்த்தி செய்யாத விதையே வேண்டும். உங்கள் வீட்டிலும் மருந்துப் புட்டிகளைத் திண்ணையிலும் மாட்டுக் கொட்டகையிலும் வைக்காமல் பூட்டி வையுங்கள்.

என்ன நடலாம்

மற்றப் புலன்களின் செய்தி மூளைக்குள் ஓர் இடைநிலையத்தைத் தாண்டியே போகிறது. மணம் மட்டும் நினைவும் உணர்ச்சியும் உறையும் பகுதிகளுக்கு நேர்வழியில் போய்ச் சேருகிறது. அதனால்தான் புதுநெல் வேகும் வாசனை ஐம்பது ஆண்டு பின்னால் நம்மைக் கொண்டுபோய் விடுகிறது. ஆனால் அல்சைமர் நோயில் மோப்பத் திறனே தொடக்கத்தில் குறையத் தொடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். காற்றில் மிதந்து வரும் மென்மணம் போதாது. கையால் கசக்கி மூக்கருகே கொண்டுபோகக்கூடிய செடிகளே பயன்படும். கற்பூரவல்லி, துளசி, புதினா, மருக்கொழுந்து, கறிவேப்பிலை, எலுமிச்சைப் புல், வெட்டிவேர் என்று எல்லாமே நம் கையருகே உள்ளவை. கற்பூரவல்லியில் நான்கு அங்குலத் துண்டு ஒன்றை ஊன்றினால் போதும், இரண்டு மூன்று வாரத்தில் வேர்விடும். அதன் தடித்த, மயிர் படர்ந்த இலையைத் தடவிக்கொண்டே பத்து நிமிடம் நின்ற ஒரு மூதாட்டியை நான் பார்த்திருக்கிறேன்.

இவற்றைக் குனியாமல் தொட வேண்டும். எனவே செங்கல் வைத்து இரண்டரை அடி உயரத்தில் மேட்டுப் பாத்தி கட்டுங்கள். இருபுறமும் நிற்க வழி இருந்தால் அகலம் 4 அடி. ஒருபுறம் மட்டுமெனில் 2 அடிக்கு மேல் கை எட்டாது. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்து நிரப்பவும். அடியில் வடிகால் துளை விடாவிட்டால் முதல் மழையிலேயே புதினா அழுகிவிடும்.

நிறத்தைப் பொறுத்தவரை, வயதான கண்ணுக்கு நீலமும் ஊதாவும் மங்கலாகவே தெரியும். சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நன்றாகத் தெரியும். செண்டுமல்லி, கனகாம்பரம், கோழிக்கொண்டை போதும். கோழிக்கொண்டைப் பூ கைக்கு வெல்வெட்டுப் போல் இருக்கும்.

மல்லிகை இல்லாமல் இந்தத் தோட்டம் இல்லை. குண்டுமல்லியை ஆனி முதல் கார்த்திகை வரை, ஒன்றரை அடிக் குழியில், 4 அடி இடைவெளியில் நடலாம். நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கவாத்து செய்ய வேண்டும். பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. மூன்றையும் வைத்தால் ஒன்று ஓயும்போது மற்றொன்று பூக்கும். மொட்டைப் பறிப்பது, வாழை நார் கிழிப்பது, தொடுப்பது என்று நம் தாய்மார்களுக்கு இது ஓயாத வேலை. சரம் ஒழுங்காக அமையவில்லையே என்று பிரித்துக் கட்டாதீர்கள். அவர் கட்டியபடியே தலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வயல். பத்து சென்ட்டில் ஒரு சென்ட் கம்பு, ஒரு சென்ட் நிலக்கடலை விதைத்தோம். கதிர் வந்ததும் கிளியும் சிட்டுக்குருவியும் வந்தன. பறவை ஓட்டப் பட்டை கட்டலாமா என்று ஒருவர் கேட்டார், வேண்டாம் என்றேன். இரண்டே நாளில், ஆறு மாதமாக வாய் திறக்காதிருந்த ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்தபடி கிளி ஓட்டக் குரல் கொடுக்கத் தொடங்கினார். ஒரு சிறு தொட்டியில் சேறு கலக்கி நெல் நாற்றும் விட்டோம். நடவு நட்டே காலம் கழித்த ஓர் அம்மாளின் கையில் ஒரு முடி நாற்றைக் கொடுத்ததும், அவர் கேட்காமலே பிரித்து, மூன்று மூன்றாக ஊன்றிக்கொண்டே போனார். இடைவெளி தவறவில்லை.

பெரியப்பா வேறொன்று செய்தார். நான் வரிசையாக நட்டு வைத்த செண்டுமல்லி நாற்றை எல்லாம் களை என்று பிடுங்கிக் குவித்துவிட்டார். கம்புப் பயிரில் பூச்செடிக்கு என்ன வேலை என்பது அவர் நினைப்பு; அது சரிதான். அதன்பின் பூவைத் தனிப் பாத்திக்கு மாற்றி, கம்பு வயலில் களையை வேண்டுமென்றே விட்டு வைத்தோம். தினமும் பிடுங்கட்டும்.

அவருக்காகவே, குழாயிலிருந்து கம்பு வயல் வரை மூன்று அங்குல ஆழத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி, நான்கு மடை வைத்தோம். மண்வெட்டிக்குப் பதில் கூர் மழுங்கிய சிறு களைக்கொத்து. மாலை நான்கரை மணிக்குத் தண்ணீர் திறப்போம். ஒரு பாத்தி நிறைந்ததும் அவர் மண்ணை இழுத்து அடைத்து அடுத்த மடையைத் திறப்பார். நான்கும் பாய முக்கால் மணி நேரம் ஆகும். படபடப்பு ஏறும் பொழுது அதிலேயே கழிந்துவிடும். அப்படிப் பாய்ச்சிய நாட்களில் பல இரவுகள் அவர் எழாமல் தூங்கினார். எல்லா இரவும் என்று சொல்ல மாட்டேன். நோயும் நிற்கவில்லை, அடுத்த ஆண்டில் என்னை யாரென்று தெரியாத நிலை வந்தது. அப்போதும் மடை மட்டும் தவறவில்லை.

இத்தோட்டத்தில் ஒருவர் எப்போதும் உடனிருக்க வேண்டும். எங்கள் ஊரில் மகளிர் குழுவினர் முறை வைத்து வருகின்றனர். காலை 6 முதல் 9 மணி வரையும், மாலை 4 முதல் 6 மணி வரையும் திறந்தால் போதும்; வெயிலில் வேண்டாம். தாகம் எடுப்பதே அவர்களுக்குத் தெரியாது. ஆதலால் அரை மணிக்கு ஒரு முறை நீங்களே தண்ணீர் கொடுங்கள். "நான் யாருன்னு தெரியுதா?" என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம். விடை தெரியாமல் அவர் தலைகுனிவதைக் காண்பதில் யாருக்கு என்ன பயன்? "மாமா, இந்தக் கடலை புடுங்கற பருவந்தானுங்களா?" என்று கேளுங்கள். ஒரு செடியைப் பிடுங்கி, காயை நசுக்கி, ஓட்டின் உட்புறம் பார்ப்பார். சொல்லும் விடை பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஆடி மழை கிடைத்தால் நொச்சியை ஊன்றி வேலியிலிருந்து தொடங்குங்கள். பாதையும் மேட்டுப் பாத்தியும் புரட்டாசிக்குள் முடிந்தால் ஐப்பசி மழைக்குச் செடிகள் பிடித்துக்கொள்ளும். அடுத்த ஆண்டு மல்லிகைக்குக் கவாத்து செய்யும் நாளில் பெரியவர்களை அழைத்து வந்து உட்கார வையுங்கள். கத்திரிக்கோல் உங்கள் கையில் இருக்கட்டும். வெட்டிப் போட்ட குச்சிகளைப் பொறுக்கி, அளவாக அடுக்கி, கட்டாகக் கட்டுவது அவர்கள் பொறுப்பு.